ஓர் எஞ்சின் நடந்து வந்த வழி

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டனர். வரலாறு என்றவுடன் சோழரும் பாண்டியரும் நினைவுக்கு வருவது இயல்பே. அவர்களைப் பற்றி எழுதத் தகுதியுடையோர் நம் சங்கத்தில் பலர் உளர். முப்பத்து நான்கு ஆண்டுகள் தொழிற்சாலையின் பராமரிப்புப் பகுதியில் ஸ்பேனரும் கையுமாகக் காலம் கழித்த எனக்கு அவ்வுரிமை இல்லை. ஆயினும் எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்று உண்டு. அது ஓர் எஞ்சினின் வரலாறு. அதனை நான் எந்த நூலகத்திலும் தேடிச் சென்று கற்கவில்லை. இரண்டு பிஸ்டன்களைப் பாழாக்கிய பிறகு, வேறு வழியின்றிக் கற்றேன்.

நம் காலனியில் ஒரு காலத்தில் காலை எட்டு மணிக்கு என்ன காட்சி காண்போம்? வீட்டுக்கு வீடு வாசலில் ஒருவர் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பின் நிமிர்த்தி, காலால் உதைத்துக்கொண்டிருப்பார். நீலப் புகை கிளம்பும். அதன் நடுவே குழந்தைகள் பள்ளிக்குப் புறப்படுவர். பெட்ரோல் போடச் சென்றால் '2டி' எண்ணெயையும் அளந்து ஊற்றச் சொல்வோம். பால்காரர் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் வருவார். இவை எல்லாவற்றிலும் இருந்தது டூ-ஸ்ட்ரோக் என்னும் இருவீச்சு எஞ்சின்தான். கிராங்கு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை வெடிப்பு நிகழ்வது அதன் இயல்பு. இன்றைய வண்டிகளின் நான்கு வீச்சு எஞ்சினிலோ இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. இத்தனை ஆண்டுகள் அதன் மேல் அமர்ந்து அலுவலகம் சென்றோமே, அது எங்கே பிறந்தது, யார் யார் கைப்பட்டு நம் வாசலுக்கு வந்தது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

2019-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மகன் வீட்டில் ஐந்து மாதம் தங்கும்படி நேர்ந்தது. அயல்நாட்டில் பிள்ளைகள் வீட்டில் தங்கிய பெரியோர்க்கு அந்த நாள்களின் நீளம் தெரியும். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் நானும் என் மனைவியும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். எதிர்வீட்டில் எண்பதை நெருங்கிய அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அவருடைய கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. யமஹா டிடி-1, 1969-இல் செய்யப்பட்டது, முதற் சம்பளப் பணத்தில் அவர் புதிதாக வாங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது ஓடவில்லை. "எடுத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம். ஆனால் அது ஓடும் ஓசையை ஒரு முறை நான் கேட்க வேண்டும்" என்று என் மகனிடம் சொன்னார். மகனுக்கு ஆர்வம் உண்டு, நேரம் இல்லை. எனக்கு நேரமே மிகுதி. ஆகவே அப்பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

அவ்வண்டி எத்தகையது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பாலையும் மலையும் காடும் பரந்து கிடக்கின்றன. ஒற்றையடிப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அங்குள்ளோர்க்கு ஒரு விளையாட்டு. 1960-களின் நடுப்பகுதி வரை இதற்கென்று விற்கப்பட்டவை பெரும்பாலும் சாலை வண்டிகளே. சைலன்சர்க் குழாயை மேலே தூக்கிவைத்து, அகலமான கைப்பிடி பொருத்தி, வேறு பெயரிட்டு விற்றனர். அவை கனமானவை, கல்லில் இடித்தன. ஐரோப்பியப் பந்தய வண்டிகள் இலேசானவைதாம். ஆனால் விளக்கின்றிச் சாலையில் ஓட்ட இயலாது, விலையும் மிகுதி. திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகத்துக்கும், ஞாயிறன்று மலைக்கும் ஒரே வண்டியில் செல்ல வழியில்லாதிருந்தது.

அமெரிக்காவிலிருந்த யமஹா கிளையினர் இக்குறையைத் தாய் நிறுவனத்துக்கு எடுத்துரைத்தனர். அதன் பயனாக 1968-இல் டிடி-1 வெளிவந்தது. ஒற்றைச் சிலிண்டர், 246 சி.சி., ஐந்து கியர், முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். எடை நூறு கிலோவுக்குச் சற்றே மேல். தரையிலிருந்து நன்கு உயர்ந்த எஞ்சின், நீண்டு அமுங்கும் முன் ஃபோர்க்கு. விளக்கும் ஹாரனும் உண்டு. அமெரிக்கர் 'டிரெயில்' என்று சொல்லும் காட்டுத்தடத்துக்கென்றே முழுதாகத் திட்டமிட்டுப் பெருவாரியாகச் செய்யப்பட்ட வண்டி அது. பிற நிறுவனங்களும் விரைந்து அதே வழியில் வந்தன. எதிர்வீட்டுப் பெரியவர் அக்காலத்தில் சனிக்கிழமை இரவில் விளக்கையும் கண்ணாடியையும் கழற்றிவிடுவாராம். திங்கட்கிழமை காலையில் மீண்டும் பொருத்துவாராம். கழற்றிப் பொருத்திய அடையாளங்கள் திருகுகளில் தெரிந்தன.

திருகுகளைப் பற்றி ஒரு சொல். ஜப்பானிய வண்டிகளில் உள்ள கூட்டல் குறித் தலைத் திருகுகள் நாம் வழங்கும் பிலிப்ஸ் வகை அல்ல. பார்வைக்கு ஒன்றே போல் இருக்கும். பிலிப்ஸ் திருப்புளியை வைத்து அழுத்தினால் நுனி ஏறிவந்து தலையை அரைத்துவிடும். முதல் நாளே மூன்று திருகுகளின் தலையைக் கெடுத்தேன். வயதில் மூத்த எந்திரத்தை அணுகும்போது அதன் ஊர் வழக்கத்தை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் போலும்.

எஞ்சின் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றினோம். அலுமினிய பிஸ்டனின் பக்கங்கள் உரசித் தேய்ந்து, அந்த அலுமினியம் இரும்புச் சுவரில் அப்பியிருந்தது. நான் மகிழ்ந்தேன். நோய் தெரிந்துவிட்டதல்லவா! சிலிண்டரை அடுத்த அளவுக்குக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்குகளும் வாங்கிப் பொருத்தினோம். கார்புரேட்டரைத் துலக்கினோம். டேங்கின் துருவைப் போக்கினோம். பாயின்ட்டுகளைத் தேய்த்து இடைவெளி வைத்தோம். ஒரு ஞாயிறன்று நான்காம் உதையில் எஞ்சின் உயிர் பெற்றது.

ஆனால் ஒரு விந்தை. திராட்டிலை மூடிய பின்னும் எஞ்சினின் வேகம் உடனே தணியவில்லை. சற்று நேரம் தானாகவே உயர்ந்து ஓடி, பிறகு மெல்ல இறங்கியது. கேபிள் சிக்குகிறது என்று எண்ணிக் கேபிளை மாற்றினேன். மறு ஞாயிறு மகன் அதை வெளியே ஓட்டிச் சென்றான். ஆறு கிலோமீட்டர் செல்லுமுன் எஞ்சின் திடீரென இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. நல்வேளையாக அவன் கிளட்சைப் பிடித்துவிட்டான், விழவில்லை. புதிய பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால் பழையதில் இருந்த அதே தழும்புகள், அதே இடங்களில்!

பழைய பிஸ்டன் ஏன் பிடித்துக்கொண்டது என்று நான் கேட்டேனில்லை. கெட்டதை மாற்றினேன், கெடுத்ததைத் தேடவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் என் கீழ் வேலை கற்ற இளைஞர்களுக்கு நான் ஓயாது சொல்லிவந்த பாடம் இது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாதிருந்ததே எனக்குச் சுடச்சுட இருந்தது. ஊர் திரும்ப ஆறு வாரங்களே இருந்தன. எதிர்வீட்டுப் பெரியவரோ நாள்தோறும் வேலியருகே வந்து நின்று, ஒன்றும் கேளாமல் திரும்பிப் போவார்.

அப்போதுதான் இந்த எஞ்சினை முதன்முதல் நினைத்தவன் என்ன நினைத்தான் என்று அறியத் தலைப்பட்டேன்.

இங்கிலாந்தில் பாத் என்னும் நகரில் ஜோசப் டே என்பவர் ஓர் இரும்புப் பட்டறை நடத்திவந்தார். பாரந்தூக்கிகளும், ரொட்டி செய்யும் எந்திரங்களும் அவருடைய தொழில். ஜெர்மானியர் நிக்கொலாஸ் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றிருந்த காலம் அது. ஸ்காத்லாந்தியரான டியூகல்ட் கிளார்க் அதற்கு முன்பே இருவீச்சு எஞ்சின் செய்து, 1881-இல் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அதில் வாயுக் கலவையைச் செலுத்தத் தனியே ஒரு பம்பு வேண்டியிருந்தது. ஓட்டோவின் காப்புரிமையில் படாமல் ஓர் எஞ்சின் செய்ய வேண்டும் என்று 1889 முதல் டே முயன்றார். அவருக்குத் தோன்றியது மிக எளிய கருத்து. பம்பு தனியே எதற்கு? பிஸ்டனின் மேற்பக்கம் வேலை செய்கிறது. அடிப்பக்கம் சும்மாதானே இருக்கிறது?

பிஸ்டனுக்குக் கீழே கிராங்கு சுழலும் அறையை முழுதும் மூடி முத்திரையிட்டார். பிஸ்டன் மேலே ஏறும்போது அவ்வறையில் வெற்றிடம் உண்டாகிக் கலவை உள்ளே இழுக்கப்படும். கீழே இறங்கும்போது அது அழுத்தப்பட்டு மேலே சிலிண்டருக்குள் ஏறும். ஒரே பிஸ்டன் மேலே எஞ்சினாகவும் கீழே பம்பாகவும் வேலை செய்தது. டேயின் முதல் எஞ்சினில் இரண்டு தடுக்கு வால்வுகள் இருந்தன. அவருடைய தொழிலாளியான ஃபிரடெரிக் காக் என்பவர், பிஸ்டனின் பாவாடைப் பகுதியே துளைகளைத் திறந்து மூடும்படி அமைத்து, வால்வையே இல்லாமற் செய்தார். 1892-இல் செய்யப்பட்ட இரண்டு எஞ்சின்கள் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒன்றும், மூனிக் நகரின் டாய்ச் அருங்காட்சியகத்தில் ஒன்றுமாக உள்ளன. பிஸ்டன், இணைக்கும் தண்டு, கிராங்கு. அசையும் உறுப்புகள் மூன்றே. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகளை ஓட்டிய இக்கருத்தை உலகுக்கு அளித்த டே தம் செல்வத்தை இழந்து, பிற்காலத்தில் யாரும் அறியாதவராய் வாழ்ந்து 1946-இல் மறைந்தார்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் நெஞ்சில் சுருக்கென்றது. அந்த அறை முத்திரையிடப்பட்டது! நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்கு அறை வெறும் எண்ணெய்த் தொட்டி. அங்கே ஒரு சீல் கசிந்தால் தரையில் எண்ணெய் சொட்டும், அவ்வளவே. இருவீச்சு எஞ்சினிலோ கிராங்கு அறைதான் நுரையீரல். கிராங்குத் தண்டு வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் சீல் இறுகி வெடித்திருந்தால், எஞ்சின் கார்புரேட்டர் வழியே மட்டுமின்றி அந்தப் பிளவின் வழியேயும் மூச்சிழுக்கும். அப்படி வரும் காற்றில் பெட்ரோலும் இல்லை, எண்ணெயும் இல்லை. கலவை வறண்டு வெப்பம் ஏறும். அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவது. சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருப்பதோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கைந்து பங்கு. பிறகு பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? திராட்டிலை மூடியும் வேகம் தணியாதிருந்தது இதனால்தான். எஞ்சின் எனக்குச் சொல்லிப் பார்த்தது. நான் கேபிளை மாற்றினேன்!

டேயின் எஞ்சின் எளியது, ஆனால் ஊதாரி. புதுக்கலவை உள்ளே வரும் நேரத்திலேயே பழைய புகை வெளியேற வேண்டும். இரண்டும் கலந்து, புதுக்கலவையில் ஒரு பங்கு புகையோடு வெளியே ஓடிவிடும். அதைத் தடுக்கப் பிஸ்டன் தலையில் திமில் போன்ற மேடு வைத்தனர். மேடு கலவையை மேலே திருப்பியது உண்மையே; எனினும் கனத்தது, கொதித்தது. இதற்கு விடை கண்டவர் ஜெர்மானியரான அடால்ஃப் ஷ்னூர்லே. 1925-இல் அவர் கூறிய வழி இது: புதுக்கலவையை இரு பக்கத் துளைகளிலிருந்தும் சாய்வாக, புகைவாயிலுக்கு எதிர்ச்சுவரை நோக்கிச் செலுத்துக. இரு தாரைகளும் சந்தித்து, மேலே ஏறி, வளைந்து இறங்கிப் புகையைத் தள்ளிச் செல்லும். பிஸ்டன் தலையில் மேடு வேண்டா. எங்கள் சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். துளைகள் அப்படியே சாய்ந்து சுவரை நோக்கி இருந்தன. யமஹா அவற்றோடு துணைத் துளைகள் இரண்டைச் சேர்த்திருந்தது, அடிக்கருத்து ஷ்னூர்லேயினுடையதே.

பெட்ரோல் எஞ்சின்களில் இம்முறையைக் கையாளும் உரிமையைப் பெற்ற நிறுவனம் டி.கே.டபிள்யூ. சாக்சனி மாநிலத்தில் சோப்பாவ் என்னும் சிற்றூரில் யோர்கன் ராஸ்முசன் என்ற டென்மார்க்கு நாட்டவர் தொடங்கியது. 1920-களின் இறுதியில் உலகிலேயே மிகுதியான மோட்டார் சைக்கிள்கள் செய்த தொழிற்சாலை அதுதான். அங்கே ஹெர்மன் வேபர் என்னும் பொறியாளர் 1939-இல் ஆர்.டி.125 என்ற சிறு வண்டியை வடித்தார். பிறகு போர் வந்தது. ஜெர்மனி தோற்றது. சோப்பாவ் சோவியத் பகுதியில் அமைந்தது. தொழிற்சாலையின் எந்திரங்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. வேபரும் கொண்டுபோகப்பட்டு, 1948-இல் சோவியத் நாட்டிலேயே உயிர்நீத்தார்.

அவர் வடித்த வண்டியோ உலகைச் சுற்றியது. வென்ற நாடுகள் போர் இழப்பீடாக அதன் வரைபடங்களை எடுத்துக்கொண்டன. ரஷ்யாவில் மாஸ்க்வா என்றும், இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. பேன்டம் என்றும், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125 சி.சி. வண்டி என்றும் அது மறுபிறவி எடுத்தது. போலந்திலும் அதே வார்ப்பில் வண்டிகள் எழுந்தன. ஒரு வண்டிக்கு இத்தனை தாய்நாடுகள் அமைந்தது அரிது. வேபருக்கு இதில் ஒரு காசு வந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

ஜப்பானில் ஹமமாட்சு நகரில் 1887-இல் பள்ளிக்கூடத்து ஆர்மோனியம் ஒன்றைப் பழுதுபார்த்ததால் இசைக்கருவித் தொழிலில் இறங்கியவர் தொரகுசு யமஹா. அவர் தொடங்கிய நிறுவனம் போர்க்காலத்தில் விமானச் சுழலிகளைச் செய்தது. போருக்குப் பின் அவ்வெந்திரங்கள் வேலையின்றிக் கிடந்தன. தலைவர் கெனிச்சி கவகாமி அவற்றைக் கொண்டு மோட்டார் சைக்கிள் செய்யத் துணிந்தார். எடுத்துக்கொண்ட முன்மாதிரி அந்த ஆர்.டி.125 தான். 1955-இல் ஒய்ஏ-1 வெளிவந்தது. செந்நிறத்தால் 'செந்தும்பி' என்று மக்கள் அதை அழைத்தனர். அதே ஆண்டு ஜூலையில் யமஹா மோட்டார் தனி நிறுவனமாயிற்று. அதே மாதம் ஃபூஜி மலையேற்றப் பந்தயத்தில் செந்தும்பி தன் பிரிவில் வென்றது. யமஹாவின் சின்னத்தில் இன்றும் மூன்று இசைக்கவைகள் இருப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இதற்கிடையே சோப்பாவில் எஞ்சியிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எம்.இசட். என்ற புதிய பெயரில், கிழக்கு ஜெர்மனியின் வறுமைக்கிடையே, வால்ட்டர் காடன் என்பவர் பந்தய எஞ்சின்களைச் செதுக்கிவந்தார். அவர் கருத்தைச் செலுத்திய இடங்களில் தலையாயது புகைக்குழாய். வெளியேறும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அவ்வலை உறிஞ்சும் அலையாகத் திரும்பிவந்து எஞ்சியுள்ள புகையை இழுக்கும். குழாய் மீண்டும் குறுகும் இடத்தில் அது அழுத்தும் அலையாகத் திரும்பிவந்து, வெளியே ஓடிவிட்ட புதுக்கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். வால்வு செய்ய வேண்டிய வேலையை ஓசை அலையைக் கொண்டு செய்தார் காடன்! 1961-இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அஃதாவது லிட்டருக்கு இருநூறு. அக்காலத்தில் யாரும் எட்டாத அளவு.

அவ்வாண்டு ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் சுவீடனில் நடந்த பந்தயத்தில் எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலகப் பட்டத்தின் வாயிலில் நின்றார். எஞ்சின் பழுதாகிப் பாதியில் நின்றது. அன்றே அவர் மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்றார். மனைவி மக்கள் காரின் பின்பெட்டியில் ஒளிந்து முன்பே எல்லையைக் கடந்திருந்தனர். காடனின் நுட்பங்கள் டெக்னரோடு ஜப்பானின் சுசுகி நிறுவனத்துக்குச் சென்றன. 1962-இல் 50 சி.சி. பிரிவின் உலகப் பட்டம் சுசுகிக்கும் டெக்னருக்கும் கிட்டியது. இருவீச்சு எஞ்சின் வென்ற முதல் உலகப் பட்டம் அது. 1964-இல் 250 சி.சி. பட்டத்தை யமஹா வென்றது. டெக்னரைத் திருடர் என்பாரும் உண்டு. மனைவி மக்களோடு உரிமையாய் வாழ விரும்பியவர் என்பாரும் உண்டு. சுவருக்கு இப்பால் நின்று தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் காடனுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் கிழக்கிலேயே தங்கி, 1996-இல் காலமானார்.

எங்கள் வண்டியின் புகைக்குழாய் பார்வைக்கு ஒரு கருப்புக் குழல்தான். அதனுள் விரிந்து குறுகும் அறை இருப்பதை அறிந்தபின் அதை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். புகைவாயிலும் குழாயின் கழுத்தும் கரிபிடித்துப் பாதி அடைந்திருந்தன. முதல் முறை நான் அதைத் திறந்தும் பார்க்கவில்லை! சைலன்சர் சத்தத்தை அடக்கத்தானே என்ற அலட்சியம். அடைத்த குழாயில் அலை எங்கே திரும்பும்?

இனி ஐயத்தைச் சோதித்துத் தீர்க்க வேண்டும். உறிஞ்சு வாயிலையும் புகைவாயிலையும் ரப்பர் வைத்து இறுக அடைத்து, உள்ளே சிறிது காற்றழுத்தம் ஏற்றி, அது தணிகிறதா என்று பார்ப்பதே முறை. சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டு போதும். நிமிடத்துக்கு ஒரு பவுண்டுக்கு மேல் இறங்கலாகாது. இதற்கு விற்கும் கருவி வந்துசேர நாளாகும். என் மனைவியின் இரத்த அழுத்தக் கருவி என் கண்ணில் பட்டது. அதன் அளவுமானியில் உச்சியாகிய 300 மில்லிமீட்டர் பாதரசம் ஏறத்தாழ ஆறு பவுண்டே அல்லவா? பழைய பிளக் ஒன்றின் உட்பகுதியை நீக்கி, அதன் வழியே ரப்பர்க் குழாயைச் சொருகி, பிஸ்டனை அடியில் நிறுத்தி, பந்தை அமுக்கினேன். முள் 200-ஐத் தாண்டவில்லை. கையை எடுத்ததும் சரசரவென்று இறங்கியது. மேக்னெட்டுச் சக்கரத்தைக் கழற்றி அதன் பின்னால் சோப்பு நீரைத் தடவினேன். சீலைச் சுற்றிக் குமிழிகள் பூத்தன. "எனக்கு அழுத்தம் அதிகம், அதற்குக் குறைவு, இருவருக்கும் ஒரே மருத்துவர்" என்றாள் என் மனைவி.

கிராங்கு அறையை இரண்டாகப் பிளந்தோம். இருபுறச் சீல்களும் ஐம்பது ஆண்டில் பிளாஸ்டிக்கைப் போல் இறுகியிருந்தன. இருவீச்சு எஞ்சினில் இடப்புறச் சீல் கெட்டால் இத்தகைய வறட்சி. கிளட்ச் இருக்கும் வலப்புறச் சீல் கெட்டால் கியர் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி வெண்புகையாகக் கக்கும். இரண்டையும் பேரிங்குகளையும் மாற்றினோம். சிலிண்டர்ச் சுவரில் அப்பிய அலுமினியத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைத்தெடுத்து, மறுபடியும் அடுத்த அளவுக்குக் கடைந்தனர். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகைவாயிலை நோக்குமாறு பொருத்தினேன். ரிங்கின் வாய் துளையில் சிக்காதிருக்கப் பள்ளத்தில் ஒரு சிறு ஊசி உண்டு. ரிங்கின் வாய் அதில் அமர்ந்ததா என்று மும்முறை பார்த்தேன். மீண்டும் சோதித்தபோது முள் 300-இல் ஏறி, நாங்கள் தேநீர் அருந்தி முடிக்கும் வரை அங்கேயே நின்றது.

எஞ்சியது எண்ணெய். கிராங்கு அறை வழியே கலவை செல்வதால் அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. பெட்ரோலோடு கலந்தே அனுப்ப வேண்டும். நாம் '2டி' ஊற்றியது இதற்காகத்தான். 1964-இல் யமஹா, 'ஆட்டோலூப்' என்ற பெயரில், எஞ்சினின் வேகத்துக்கும் திராட்டிலுக்கும் தக்கபடி எண்ணெயை அளந்து செலுத்தும் சிறு பம்பை அமைத்தது. டிடி-1-இலும் அது உண்டு. ஐம்பது ஆண்டுப் பம்பை மூன்றாம் பிஸ்டனை வைத்து நம்பும் துணிவு எனக்கில்லை. காற்றுக் குமிழிகளைப் போக்கிப் பம்பையும் இயங்கவிட்டேன். அதற்கும் மேலாக, முதல் டேங்கு பெட்ரோலில் இருபதுக்கு ஒரு பங்கு எண்ணெயும் கலந்தேன்.

இவ்வளவு அறிவும் உழைப்பும் ஏறிய எஞ்சின் ஏன் மறைந்தது என்று கேட்கலாம். அதன் ஊதாரித்தனம் முழுதும் தீரவே இல்லை. காடனின் அலை ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் சரியாகத் திரும்பும். மற்ற வேகங்களில் எரியாத பெட்ரோல் வெளியேறும். எண்ணெயும் சேர்ந்து எரியும். அமெரிக்காவில் 1970-இன் தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1978 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கும் புகை வரம்பு வந்தது. சாலையில் ஓடும் இருவீச்சு வண்டிகள் ஒவ்வொன்றாக விலகின. நம் நாட்டில் அதன் காலம் இன்னும் சற்று நீண்டது. 1961-இல் மைசூரில் ஜாவா வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். பின்னர் அவை யெஸ்டி எனப் பெயர் பெற்றன. போலந்தின் எஸ்.ஹெச்.எல். வண்டியைத் தழுவிய ராஜ்தூத் 1962-இல் வந்தது. அதே நிறுவனம் யமஹாவோடு கைகோத்து 1983-இல் ராஜ்தூத் 350-ஐயும், 1985-இல் ஆர்எக்ஸ் 100-ஐயும் அளித்தது. ஜெர்மனியில் பிறந்து ஒரு கிளை போலந்து வழியாகவும், ஒரு கிளை ஜப்பான் வழியாகவும் பிரிந்த மரபு, கடைசியில் இங்கே ஒரே நிறுவனத்தில் வந்து கூடியது! யெஸ்டியும் ஆர்எக்ஸ் 100-உம் 1996-இல் நின்றன. தலைநகரின் பனிக்காலப் புகையை மூச்சில் வாங்கிய நாம் அவற்றுக்காக அதிகம் வருந்த இயலாது. அந்தப் புகையை நம் குழந்தைகளும்தாம் சுவாசித்தனர்.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் ஒரு சனிக்கிழமை மாலை வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவந்தோம். எதிர்வீட்டுப் பெரியவர் கைத்தடியோடு வந்து வேலியருகே நின்றார். இரண்டாம் உதையில் எஞ்சின் எழுந்தது. திராட்டிலை மூடியவுடன் வேகம் பணிந்து இறங்கியது. அந்த ஒன்றைத்தான் நான் செவிசாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகன் ஊர்ப்புறத்து மண்பாதையில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டித் திரும்பிவந்தான். பெரியவர் எஞ்சின் நிற்கும் வரை அசையாமல் நின்றார். பிறகு அருகே வந்து புகையை முகர்ந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எண்ணெய் கொஞ்சம் கூடுதல்" என்றார்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். காப்பிப்பொடி நிறம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரக் கருமை. அடுத்த டேங்கில் எண்ணெய் கலக்கவில்லை, பம்பை நம்பினோம்.